கடல் ஏறியதா? நிலம் இறங்கியதா?

மாலை 6 மணி. லம்பா லைனில் இருட்டிவிட்டது. அந்தமானில் சீக்கிரம் இருட்டும்.

கற்போர் வட்டத்தில் விளக்கு எரிந்தது. ஒவ்வொருவராக வந்து பாயில் உட்கார்ந்தார்கள். கொத்தனார் வந்தார். அவர் மனைவி தையல்கார அக்கா வந்தார். பக்கத்து வீட்டுப் பெரியம்மாவும் வந்தார்.

கொத்தனார் முகத்தில் மகிழ்ச்சி இருந்தது.

"டீச்சர், நாளைக்கு வேலை தொடங்குறேன். வீட்டுக்குப் பின்னால மேடு இருக்குல்ல? அதை வெட்டி ஒரு ரூம் கட்டப் போறேன். பையனுக்குக் கல்யாணம் வருது" என்றார்.

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. பெரியம்மாதான் பேசினார்.

"மண்ணை நம்பாதே தம்பி. நான் நம்பினேன். இரண்டு போகம் வயல் வச்சிருந்தேன். ஒரே நாளில் போச்சு."

எல்லோரும் பெரியம்மாவைப் பார்த்தார்கள்.

பெரியம்மாவின் வயல்

பெரியம்மா முன்பு சிப்பிகாட்டில் இருந்தார். அங்கே அவருக்கு நெல்வயல் இருந்தது. தென்னை மரங்கள் இருந்தன.

2004 டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணி. பூமி குலுங்கியது. பெரியம்மா வெளியே ஓடினார். தென்னை மரங்கள் ஆடின. கிணற்றுத் தண்ணீர் தளும்பியது. பிறகு கடல் வந்தது.

"சுனாமித் தண்ணி வந்தா திரும்பிப் போகணும். நாகப்பட்டினத்தில் போயிடுச்சு. கடலூரில் போயிடுச்சு. என் வயலில் மட்டும் போகலை. இன்னிக்கும் அங்கேதான் நிக்குது. வரப்பு இருந்த இடத்தில் மீன் துள்ளுது. கொக்கு நிக்குது" என்றார் பெரியம்மா.

சற்று நேரம் அமைதி.

"டீச்சரம்மா, நீங்க படிச்சவங்க. சொல்லுங்க. கடல் ஏறிச்சா? இல்லே, நிலம் இறங்கிச்சா?"

"கடல்தான் ஏறியிருக்கும். நிலம் எப்படி இறங்கும்?" என்றார் கொத்தனார்.

ஒரு துப்பு

ஆசிரியை சுவரில் அந்தமான் வரைபடத்தை மாட்டினார்.

"அண்ணே, ஒரு அண்டாவில் தண்ணீர் ஊற்றினால் எங்கே ஏறும்? ஒரு பக்கம் மட்டும் ஏறுமா?"

"எல்லாப் பக்கமும் ஏறும்."

"சரி. கடல் மட்டும் ஏறியிருந்தால் எல்லாத் தீவிலும் ஏறியிருக்க வேண்டும். ஆனால் அன்று வடக்கே என்ன நடந்தது தெரியுமா? இதோ இண்டர்வியூ தீவு. அந்தப் பக்கத்தில் கடலுக்கு அடியில் இருந்த பவளப் பாறைகள் வெளியே வந்துவிட்டன. தண்ணீர் இல்லாமல் பவள உயிர்கள் செத்தன. அங்கே கரை அகலமாகிவிட்டது."

அக்கா சட்டென்று சொன்னார்:

"அப்போ அங்கே நிலம் ஏறியிருக்கு. இங்கே நிலம் இறங்கியிருக்கு!"

"அதேதான் அக்கா. கடல் தன் இடத்தில்தான் இருந்தது. நிலம்தான் மாறியது. போர்ட் பிளேர் பக்கம் ஏறக்குறைய 1 மீட்டர் தாழ்ந்தது. ஒரு ஆளின் இடுப்பு உயரம்."

போர்ட் பிளேர் என்ற ஊருக்கு 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். பழக்கத்தில் பலரும் பழைய பெயரையே சொல்கிறார்கள்.

கிரேட் நிகோபாரின் தென்கோடியில் இந்திரா முனை இருக்கிறது. அங்கே ஒரு கலங்கரை விளக்கம் உண்டு. அந்த இடம் இன்னும் அதிகமாக, 4 மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. கரையில் நின்ற விளக்கின் அடிப்பகுதியைக் கடல் சூழ்ந்துகொண்டது.

நிலத்தை அசைப்பது எது?

நாம் நிற்கும் தரை ஒரே துண்டு அல்ல. பூமியின் மேல் ஓடு பல துண்டுகளாக இருக்கிறது. இவற்றுக்குத் தட்டுகள் என்று பெயர். ஒவ்வொரு தட்டும் பல கிலோமீட்டர் தடிமன் உள்ளது. பூமிக்கு உள்ளே கடுமையான வெப்பம் இருக்கிறது. அதனால் தட்டுகள் மெதுவாக நகர்கின்றன. ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்தான். நம் நகம் வளரும் வேகம்.

சென்னை, நாகப்பட்டினம், வங்கக் கடலின் அடித்தரை எல்லாம் ஒரு தட்டில் உள்ளன. அதற்கு இந்தியத் தட்டு என்று பெயர். அந்தமான் வேறொரு தட்டின் ஓரத்தில் இருக்கிறது. இந்தியத் தட்டு நகர்ந்து வந்து, அந்தமானுக்கு அடியில் நுழைகிறது.

ஆசிரியை ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலை எடுத்தார். ஒரு முனையை இடது கையால் பிடித்தார். மறு முனையை வலது கையால் கீழே அழுத்தி, உள்ளே தள்ளினார். ஸ்கேலின் நடுப்பகுதி மேலே வளைந்து நின்றது.

"இந்த வளைந்த இடம்தான் போர்ட் பிளேர். அழுத்தப்பட்ட முனை மேற்கே கடலுக்கு அடியில் இருக்கிறது. பல நூறு ஆண்டுகளாக இப்படியே அழுத்தம் சேருகிறது. ஒரு நாள் தாங்க முடியாமல் விடுபடுகிறது. இப்போது பாருங்கள்."

வலது கையை விட்டார். 'டப்' என்று முனை மேலே துள்ளியது. வளைந்திருந்த நடுப்பகுதி கீழே இறங்கியது.

"என் வயல் நடுவுல மாட்டிக்கிச்சு" என்றார் பெரியம்மா.

2004-ல் சுமத்ரா தீவின் பக்கம் இந்த அழுத்தம் விடுபடத் தொடங்கியது. வடக்கே அந்தமான் வரை ஏறக்குறைய 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் பிளவு ஓடியது. நிலநடுக்கத்தின் அளவு 9.1. கடலின் அடித்தரை துள்ளியதால் மேலே இருந்த தண்ணீரும் துள்ளியது. அதுதான் சுனாமி. நிகோபார் தீவுகளில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். தமிழ்நாட்டிலும், இலங்கையிலும், இந்தோனேசியாவிலும் பேரழிவு ஏற்பட்டது.

அந்தமானுக்கு இது முதல் முறை அல்ல. 1941 ஜூன் 26 அன்றும் பெரிய நிலநடுக்கம் வந்தது. செல்லுலார் சிறையின் சில பகுதிகள் சேதமடைந்தன. ராஸ் தீவில் இருந்த கட்டடங்களும் சேதமடைந்தன.

எரிமலையும் இதே சக்திதான்

போர்ட் பிளேரில் இருந்து ஏறக்குறைய 140 கிலோமீட்டர் தூரத்தில் பேரன் தீவு இருக்கிறது. அங்கே மனிதர் இல்லை. இந்தியாவில் இன்றும் நெருப்புக் கக்கும் எரிமலை அது ஒன்றுதான். 150 ஆண்டுகளுக்கு மேல் அது தூங்கியது. 1991-ல் விழித்தது. அதன் பிறகு பல முறை சாம்பலும் நெருப்புக் குழம்பும் கக்கியிருக்கிறது.

அடியில் நுழையும் தட்டு ஆழத்துக்குப் போகிறது. அதில் இருந்த நீர் வெளியேறி மேலே போகிறது. அந்த நீர் சேர்ந்ததும் சூடான பாறை உருகுகிறது. உருகிய குழம்பு மேலே வருகிறது. அப்படித்தான் அந்தத் தீவே உண்டானது.

நிலநடுக்கம், எரிமலை, நிலம் உயர்வது, தாழ்வது எல்லாம் பூமிக்கு உள்ளே இருந்து வரும் சக்தியால் நடப்பவை. இதற்கு அகச் சக்தி என்று பெயர்.

"உள்ளே இருக்கிற சக்தியை நம்மால் தடுக்க முடியாது. அதுக்கும் என் ரூமுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டார் கொத்தனார்.

"ஞாயிற்றுக்கிழமை கார்பின்ஸ் கோவ் போவோம். அங்கே பதில் இருக்கிறது. அதுவரை மேட்டில் கடப்பாரை வைக்காதீர்கள் அண்ணே" என்றார் ஆசிரியை.

கொத்தனார் அரை மனதோடு தலையாட்டினார்.

பாறையில் எழுதிய கதை

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கார்பின்ஸ் கோவ் போனார்கள். அப்போது கடல் வற்றம். கரையோரப் பாறைகள் நன்றாகத் தெரிந்தன.

பாறைகள் அடுக்கு அடுக்காக இருந்தன. ஒரு அடுக்கு கெட்டியான மணற்பாறை. அடுத்த அடுக்கு மெல்லிய களிப்பாறை. மறுபடியும் மணற்பாறை. அடுக்கி வைத்த நோட்டுப் புத்தகங்கள் போல இருந்தன. ஆனால் அடுக்குகள் படுக்கையாக இல்லை. சாய்ந்து கிடந்தன.

"அண்ணே, மணலும் களியும் எங்கே இப்படி அடுக்கடுக்காகப் படியும்?"

"தண்ணிக்கு அடியில."

"ஆமாம். இவை ஆழ்கடலில் படிந்தவை. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னால் ஆறுகள் எங்கோ மலைகளைக் கரைத்தன. அந்த மண் கடலுக்குப் போனது. கடலின் அடியில் படிந்தது. இறுகிப் பாறை ஆனது. பிறகு தட்டுகள் நெருக்கின. பாயின் இரண்டு ஓரத்தையும் தள்ளினால் நடுவில் மடிப்பு விழும். அதுபோல் கடலின் அடித்தரை மடிந்து மேலே வந்தது. அப்படி எழுந்ததுதான் நம் தீவு."

"அப்படீன்னா நாம கடலோட அடித்தரை மேலதான் குடியிருக்கோமா?" அக்கா வியந்தார்.

"ஆமாம் அக்கா. மேலே வந்த நாளிலிருந்து வேறு சக்திகள் அதைத் தேய்க்கின்றன. அதோ பாருங்கள்."

அலை பாறையில் மோதியது. களிப்பாறையில் இருந்து சிறு துண்டு உடைந்தது. அலை அதை உருட்டிக்கொண்டு போனது.

மழை, வெயில், காற்று, ஓடை, அலை. இவை நிலத்தின் வெளியே இருந்து வேலை செய்கின்றன. இதற்குப் புறச் சக்தி என்று பெயர். அகச் சக்தி நிலத்தை உயர்த்தும், தாழ்த்தும், பிளக்கும். புறச் சக்தி அதை அரிக்கும், சுமக்கும், வேறு இடத்தில் கொட்டும். இந்த இரண்டு வேலையும் என்றும் நிற்பதில்லை. மலை மண் ஆகிறது. மண் கடலுக்குப் போகிறது. கடலில் மீண்டும் பாறை ஆகிறது.

மழையின் வேலை

அந்தமானில் ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஓடாமல் அப்படியே நின்றால் அந்தத் தண்ணீர் 3 மீட்டர் உயரம் இருக்கும். ஒரு அறையின் கூரை வரை எட்டும். சென்னையில் பெய்வதைப் போல் இரண்டு மடங்கு.

மழை பாறையைக் கூடக் கரைக்கும். பாராடாங் தீவில் சுண்ணாம்புக் குகைகள் உள்ளன. மழைநீர் காற்றில் இருந்தும் மண்ணில் இருந்தும் கரியமில வாயுவை எடுத்துக்கொள்கிறது. அதனால் லேசான புளிப்புத் தன்மை பெறுகிறது. அது சுண்ணாம்புப் பாறையைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. பல்லாயிரம் ஆண்டுகளில் குகை உண்டாகிறது.

அலையும் இப்படித்தான். ஒரு பக்கம் மணலை எடுக்கும். மறுபக்கம் கொண்டுபோய்ச் சேர்க்கும். கரையில் மணலை நாமே அள்ளினால் அலை உள்ளே வரும். கரையோர அலையாத்திக் காடுகளை வெட்டினாலும் உள்ளே வரும். அந்த மரங்களின் வேர்கள் சேற்றைப் பிடித்து வைக்கின்றன. அலையின் வேகத்தையும் குறைக்கின்றன.

இரண்டு தாம்பாளம்

ஆசிரியை இரண்டு தாம்பாளங்களை எடுத்து வந்திருந்தார். இரண்டிலும் ஈர மண்ணைக் குவித்தார். ஒரு குவியலின் மேல் வேரோடு புல்லைப் பதித்தார். மற்றொன்றை வெறுமையாக விட்டார். அதன் ஒரு பக்கத்தைக் கத்தியால் செங்குத்தாக வெட்டினார்.

"அண்ணே, நீங்களே தண்ணீர் ஊற்றுங்கள்."

கொத்தனார் சொம்பால் மெதுவாக ஊற்றினார். புல் இருந்த குவியலில் தண்ணீர் கொஞ்சம் கலங்கி வடிந்தது. குவியல் நின்றது. வெட்டிய குவியலில் முதலில் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது சொம்பு ஊற்றினார். மேலே ஒரு விரிசல் விழுந்தது. மூன்றாவது சொம்பில் வெட்டிய பக்கம் முழுவதும் சரிந்தது.

கொத்தனார் பேசவில்லை. எழுந்து போய் களிப்பாறை அடுக்கைத் தொட்டுப் பார்த்தார். ஈரமாக இருந்தது. விரல் வழுக்கியது.

"எங்க மேட்டிலயும் இதே கல்தான். அடுக்கு வீட்டுப் பக்கமாத்தான் சாயுது. மழைத் தண்ணி இந்தக் களியில இறங்கினா மேல இருக்கிற கல்லு அப்படியே வழுக்கிட்டு வரும்" என்றார்.

ஆசிரியை சொல்லவேண்டியதை அவரே சொல்லிவிட்டார்.

தடுக்க முடியாதது, தடுக்க முடிந்தது

நிலநடுக்கத்தை யாராலும் நிறுத்த முடியாது. எந்த நாளில் வரும் என்றும் சொல்ல முடியாது. ஆனால் உயிரைக் காக்க முடியும்.

லிட்டில் அந்தமான் தீவில் ஓங்கே மக்கள் வாழ்கிறார்கள். 2004-ல் பூமி குலுங்கியது. கடலின் போக்கு மாறியது. அவர்கள் காத்திருக்கவில்லை. கரையை விட்டு மேட்டுக் காட்டுக்குள் போனார்கள். பிழைத்தார்கள். முன்னோர் சொல்லிக் கொடுத்த அறிவு அவர்களைக் காத்தது.

இன்று ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இருக்கிறது. 2007 முதல் அது வேலை செய்கிறது. ஆனால் நிலநடுக்கம் நமக்கு அருகில் வந்தால் நேரம் குறைவு. நிற்க முடியாத அளவு குலுங்கினாலும், நீண்ட நேரம் குலுங்கினாலும், அதுவே எச்சரிக்கை. கரையில் இருப்பவர் உடனே மேட்டுக்குப் போகவேண்டும். ஒரு அலை வந்து போனதும் திரும்பக் கூடாது. அடுத்த அலை பெரிதாக இருக்கலாம்.

புறச் சக்தி அப்படி அல்ல. அதை நாம் வேகப்படுத்தவும் முடியும். மெதுவாக்கவும் முடியும். மேட்டை வெட்டினால் வேகமாகும். மரம் நட்டால் மெதுவாகும்.

மேட்டின் அருகில் குடியிருப்பவர்கள் இவற்றைக் கவனிக்க வேண்டும்:

1. மேட்டைச் செங்குத்தாக வெட்டக் கூடாது. வெட்டியே ஆகவேண்டும் என்றால் படிப்படியாக வெட்டவேண்டும். பொறியாளரிடம் முதலில் கேட்கவேண்டும்.

2. தடுப்புச் சுவர் கட்டினால் அதில் தண்ணீர் வடியக் குழாய்கள் வைக்கவேண்டும். வழி இல்லாத தண்ணீர் சுவரைத் தள்ளிவிடும்.

3. மேட்டின் மேல் பக்கம் கால்வாய் வெட்டி மழைநீரைத் திருப்பிவிடவேண்டும்.

4. வெட்டிவேர், புல், மரம் ஆகியவற்றை வளர்க்கவேண்டும்.

5. மேட்டில் புதிய விரிசல், சாயும் மரம், திடீரெனக் கசியும் கலங்கல் தண்ணீர் தெரிந்தால் வீட்டை விட்டு வெளியேறவேண்டும்.

அக்கா சொன்ன யோசனை

திரும்பி வரும் வழியில் கொத்தனார் கவலையோடு இருந்தார்.

"மேட்டை வெட்ட வேணாம். ஆனா பையனுக்கு ரூம் வேணுமே. வேற இடம் ஏது?"

"முன்பக்கத் திண்ணை இருக்கே" என்றார் அக்கா.

"அங்கேதானே நீ தைக்கிறே? போறவங்க வர்றவங்க பார்த்துத்தானே துணி குடுக்கிறாங்க?"

"மெஷின் உள்ளே வரட்டுங்க. வெளியே ஒரு போர்டு எழுதி மாட்டுறேன். இப்போ எனக்குத்தான் எழுதத் தெரியுமே. ரூம் சின்னதா இருந்தாப் போதும். சுவர் மேல சுத்திலும் கம்பி வச்சு பெல்ட் கான்கிரீட் போடுங்க. பூமி ஆடினாலும் தாங்கணும்."

கொத்தனார் சிரித்தார். "கொத்தனாருக்கே வேலை சொல்றா பாருங்க பெரியம்மா!"

பெரியம்மா சிரிக்கவில்லை. கடலைத் திரும்பிப் பார்த்தார்.

"என் வயலைக் காப்பாத்த எனக்கு வழி இல்லை. யாராலும் முடியாது. உனக்கு வழி இருக்கு. செய்" என்றார்.

மே மாதம் மழை தொடங்கியது. மேட்டின் ஓரத்தில் கொத்தனார் நட்ட வெட்டிவேர் பிடித்துக்கொண்டது. மேல் கால்வாயில் தண்ணீர் ஓடியது. அது கலங்கலாகத்தான் ஓடியது. மழை தன் வேலையை நிறுத்தவில்லை. ஆனால் மேடு நின்றது. முன்பக்கம் புது அறை நின்றது. வாசலில் ஒரு பலகை தொங்கியது. 'இங்கே துணி தைத்துத் தரப்படும்' என்று அதில் எழுதியிருந்தது.

புதிய சொற்கள்

தட்டு – பூமியின் மேல் ஓட்டில் ஒரு பெரிய துண்டு
அகச் சக்தி – பூமிக்கு உள்ளே இருந்து வரும் சக்தி
புறச் சக்தி – வெளியே இருந்து நிலத்தை மாற்றும் சக்தி
அரிப்பு – நீரோ காற்றோ மண்ணைக் கரைத்து எடுத்துப் போவது
பவளப் பாறை – கடலில் சிறு உயிர்கள் கட்டும் பாறை

பதில் எழுதுங்கள்

1. பெரியம்மாவின் வயலில் கடல் ஏன் நின்றுவிட்டது?
2. கடல் ஏறவில்லை, நிலம்தான் மாறியது என்று அக்கா எப்படிக் கண்டுபிடித்தார்?
3. அகச் சக்தி எது, புறச் சக்தி எது என்று பிரித்து எழுதுங்கள்: எரிமலை, அலை, மழை, நிலநடுக்கம், காற்று.
4. ஒரு தட்டு ஆண்டுக்கு 4 சென்டிமீட்டர் நகர்கிறது என்று வைத்துக்கொள்வோம். 25 ஆண்டில் எத்தனை சென்டிமீட்டர் நகரும்? அது எத்தனை மீட்டர்?

கலந்து பேசுங்கள்

உங்கள் தெருவில் மேட்டை வெட்டிய இடம் உண்டா? அங்கே மழைநீர் எந்தப் பக்கம் ஓடுகிறது? நிலநடுக்கம் வந்தால் உங்கள் வீட்டில் இருந்து எந்த மேட்டுக்குப் போவீர்கள்? அந்த வழியை வீட்டில் உள்ள குழந்தைகளுக்கும் நடந்து காட்டுங்கள்.